கன்றுக்கான மூலிகை ஊட்டம்: இந்திய மொழிகளில் சொல் வரலாறும் பெயர்ப்புச் சிக்கலும்

0. முன்னுரை

பால் மாட்டின் கன்றுக்குத் தாய்ப்பாலும் புல்லும் தவிர வேறு சில பொருள்களையும் புகட்டி வளர்க்கும் வழக்கம் இந்தியாவில் நெடுங்காலமாக உள்ளது. ஓமம், வெந்தயம், பெருங்காயம், சுக்கு, வாய்விடங்கம், வெல்லம் போன்றவை வடக்கிலும் தெற்கிலும் இவ்வாறு பயன்பட்டு வந்துள்ளன. கன்றின் செரிமானத்தைச் சீர்செய்தல், வயிற்றுப் பூச்சியை நீக்குதல், வளர்ச்சிக்குத் துணைசெய்தல் ஆகிய மூன்றும் இவற்றின் நோக்கங்கள். இப்பொருள்களை உணவு என்பதா, மருந்து என்பதா, இரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்று என்பதா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு விடை தந்துள்ளன.

இவ்விடைகளைச் சொற்களின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம். மூலிகைகளின் மருத்துவப் பயனை மதிப்பிடுவது இதன் எல்லைக்குள் அடங்காது. கன்றுக்குத் தரப்படும் பொருள் அதன் பாலுடன் சேர்த்துத் தரப்படுவதா, பாலுக்குப் பதிலாகத் தரப்படுவதா என்பதே இச்சொல் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கும் வேறுபாடு. மொழிபெயர்ப்பில் முதலில் மறைவதும் இவ்வேறுபாடே என்பது இங்கு நிறுவப்படுகிறது.

1. கன்றைக் குறிக்கும் பெயர்கள்

கன்றைக் குறிக்கும் வடசொல்லாகிய 'வத்ஸ' என்பது ஆண்டைக் குறிக்கும் அடியிலிருந்து பிறந்தது. 'ஓராண்டு நிரம்பியது' என்பது அதன் முதற்பொருள். 'வத்ஸர' என்னும் ஆண்டுப் பெயரும், லத்தீன் மொழியில் கன்றைக் குறிக்கும் 'விடுலுஸ்' என்னும் சொல்லும் இதனோடு உறவுடையன. கன்றிடம் பசு காட்டும் அன்பைக் குறித்த 'வாத்ஸல்ய' என்னும் சொல் பின்னர் மக்களன்பையும் இறையன்பையும் குறிக்கலாயிற்று. பிராகிருதத்தின் 'வச்ச' என்னும் வடிவத்தின் வழியே இந்தியின் 'பச்சடா' (பசுவின் ஆண் கன்று), 'பச்சியா' (பசுவின் பெண் கன்று) ஆகியன தோன்றின.

எருமைக் கன்றுக்கு இந்தியில் வேறு பெயர்கள் உள்ளன. ஆண் கன்று 'கட்டடா' எனவும் பெண் கன்று 'கட்டியா' எனவும் வழங்கும். பஞ்சாபியில் இவை 'கட்டா', 'கட்டி' எனப்படும். மராத்தியில் பசுவின் கன்று 'வாஸ்ரூ', எருமையின் கன்று 'ரேட்கூ'. தமிழில் நிலை வேறு. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்றாகிய 'கன்று' ஆவுக்கும் எருமைக்கும் யானைக்கும் பொதுவாக நிற்கிறது. இன்றைய வழக்கில் நடுவதற்குரிய இளமரத்தையும் அது குறிக்கும். ஆங்கிலச் சொல்லும் பசு, எருமை இரண்டின் கன்றுக்கும் பொதுவானதே.

இவ்வேறுபாடு சொல்லாய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. தாயின் பால்வழியே கன்றின் குடலை அடையும் பெரிய உருளைப்புழு எருமைக் கன்றுகளையே மிகுதியாகத் தாக்குகிறது. அதனால் பிறந்த சில வாரங்களுக்குள் பூச்சி நீக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு மிகுதி. 'கட்டடாவுக்கு' என இந்தியில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு தமிழில் 'கன்றுக்கு' என்று மட்டும் பெயர்க்கப்படுமாயின், அக்குறிப்பு எவ்வுயிர்க்கு உரியது என்னும் செய்தி அழிந்துவிடும். 'எருமைக் கன்று' எனத் தொகையாக எழுதினாலன்றி அது நிலைபெறாது.

2. பெறுவோர் நோக்கிய பாகுபாடு

இந்தியாவில் விலங்கு மருத்துவம் பற்றிய மிகப் பழைய கல்வெட்டுச் சான்று அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டாகும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கல்வெட்டு மனிதர்க்கும் விலங்குக்கும் என இருவகை மருத்துவ ஏற்பாடுகளைக் கூறுகிறது. மருந்துச் செடிகளும் கிழங்குகளும் கனிகளும் இல்லாத இடங்களில் அவை கொண்டுவந்து நடப்பட்டன என்றும் தெரிவிக்கிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் இவ்வேற்பாட்டின் பரப்பில் சுட்டப்படுகின்றன.

குசராத்தின் கிர்னார்ப் பாறையிலுள்ள வடிவில் காணப்படும் 'மனுஸசிகீச்சா', 'பஸுசிகீச்சா' என்னும் தொகைகளும், 'மனுஸோபக', 'பஸோபக' என்னும் அடைகளும் மொழியியல் நோக்கில் சிறப்புடையன. முதலிரண்டும் சிகிச்சையை யாருக்கு என்ற அடிப்படையில் பிரிக்கின்றன. பின்னிரண்டும் மூலிகையை மனிதர்க்கு ஏற்றது, விலங்குக்கு ஏற்றது என்று வகுக்கின்றன. இங்கு உணவு, மருந்து என்னும் பிரிவு இல்லை. பொருளின் தன்மையைவிடப் பெறும் உயிரே வகைப்பாட்டுக்கு அடிப்படையாகிறது. 'சிகீச்சா' என்பதைப் பழைய ஆங்கிலப் பெயர்ப்பாளர் சிலர் மருத்துவமனை என்றும், பிறர் மருத்துவ முறை என்றும் பெயர்த்தனர். கட்டடம் ஒன்றை எழுப்பியதாகப் பொருள் கொள்வதற்கும், மூலிகை கிடைக்கச் செய்ததாகப் பொருள் கொள்வதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கல்வெட்டின் தொடர்ச்சி மூலிகைகளைப் பற்றியே பேசுவதால் இரண்டாம் பொருளே ஏற்புடையது எனலாம்.

3. அர்த்தசாத்திரத்தில் கன்றின் பங்கு

கௌடலியரின் அர்த்தசாத்திரச் சுவடி மைசூரில் ஆர். சாமசாத்திரியின் பார்வைக்கு 1905இல் வந்தது. அவர் 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கிலப் பெயர்ப்பையும் வெளியிட்டார். அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் பசுக்களின் கண்காணிப்பாளரைப் பற்றிய இயல் ஒன்று உண்டு. ஆண் இனத்தை வத்ஸம் (கன்று), வத்ஸதரம் (பால் மறந்த கன்று), தம்யம் (பழக்குதற்குரியது) என்று தொடங்கி வயதும் பயனும் பற்றி அது வகைப்படுத்துகிறது. பெண் இனத்துக்கும் இத்தகைய வரிசை உண்டு. கன்றுகளுக்கும் முதிர்ந்தவற்றுக்கும் நோயுற்றவற்றுக்கும் ஆயரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது அவ்வியலின் விதி.

3.1 ஊதியமும் பங்கும்

ஆயர், கறப்போர், கடைவோர் முதலியோர்க்கு ஊதியத்தைப் பணமாகவே தரவேண்டும் என்று அவ்வியல் விதிக்கிறது. பாலும் நெய்யும் ஊதியமாகத் தரப்பட்டால் அவர்கள் கன்றுகளுக்குக் கேடு செய்வர் என்று அதற்குக் காரணமும் கூறுகிறது. பால் முழுவதையும் கறந்துகொண்டு கன்றைப் பட்டினி போடுவர் என்பதே அதன் உட்கிடை. மழைக்காலம் முதல் முன்பனிக்காலம் வரை இருவேளை கறக்கலாம். பின்பனி, இளவேனில், முதுவேனில் பருவங்களில் ஒருவேளை மட்டுமே கறக்கவேண்டும். இவ்விதியை மீறி இரண்டாம் வேளை கறந்தவனின் பெருவிரலை வெட்டுதல் தண்டனை. பசும்புல் குறையும் பருவங்களில் பாலின் பெரும்பகுதி கன்றுக்கே எஞ்சுமாறு இவ்விதி செய்தது.

கன்றுக்குத் தனித் தீவனப் பட்டியல் எதையும் இந்நூல் தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கன்றின் முதல் ஊட்டம் தாய்ப்பால் என்பதும், அதைப் பிறர் கவராமல் காப்பதே வளர்ப்போனின் முதற்கடமை என்பதும் இதனால் பெறப்படும்.

3.2 பட்டியலின் சொற்கள்

எருதுகளுக்கு மட்டும் நூல் விரிவான பட்டியல் தருகிறது. புல், பிண்ணாக்கு, தவிடும் நொய்யும், உப்பு, மூக்கில் விடும் எண்ணெய், குடிக்கும் எண்ணெய், இறைச்சி, தயிர், பார்லி அல்லது உளுந்து ஆகியன அதில் உள்ளன. தொடர்ந்து ஒரு துரோணம் பால் அல்லது அரை ஆடகம் சுரை என்னும் மது, ஒரு பிரத்தம் நெய்ப்பொருள், பத்துப் பலம் 'க்ஷாரம்', ஒரு பலம் இஞ்சி ஆகியவை கூறப்பட்டு, இவை 'பிரதிபானம்' எனப்படுகின்றன. பசுவுக்கு இதில் முக்கால் பங்கும் எருமைக்கு இரு மடங்கும் உரியன. தமிழின் 'பிண்ணாக்கு' என்பது இப்பட்டியலில் வரும் 'பிண்யாக' என்னும் சொல்லோடு தொடர்புடையது.

இவற்றுள் இரு சொற்கள் பெயர்ப்பாளர்க்குச் சோதனையானவை. முதலாவது 'க்ஷாரம்'. ஆயுர்வேத நூல்களில் இது பெரும்பாலும் சாம்பலிலிருந்து எடுக்கும் காரப்பொருளைக் குறிக்கும். அப்பொருளே தமிழில் 'காரம்' என நிலைபெற்றது. ஆயின் அர்த்தசாத்திரத்தின் பண்டகசாலை இயல் 'க்ஷார வர்க்கம்' என்பதில் வெல்லப்பாகு, வெல்லம், கற்கண்டு, சர்க்கரை ஆகியவற்றையே அடக்குகிறது. ஆகவே தீவனப் பட்டியலின் க்ஷாரம் இனிப்புப் பொருளே ஆகும். சாமசாத்திரியும் அதைச் சர்க்கரை அல்லது வெல்லம் என்றே பெயர்த்தார். மருத்துவ நூற் பொருளைக் கொண்டு 'காரம்' எனப் பெயர்ப்பவர், வெல்லம் தரவேண்டிய வாயில் காரச் சாம்பலைப் புகட்டச் சொன்னவராவார். நூலின் சொல்லுக்கு அந்நூலுக்குள்ளேயே பொருள் தேடவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இரண்டாவது 'பிரதிபானம்'. 'பிரதி' என்னும் முன்னொட்டுக்குப் 'பதிலாக' என்னும் பொருளும் உண்டு. 'எதிராக, தொடர்ந்து, மேலும்' என்னும் பொருள்களும் உண்டு. பிரதிநிதி என்பதில் முதற்பொருள் நிற்கிறது. பிரதிதினம் என்பதில் அப்பொருள் இல்லை. சாமசாத்திரி இத்தொடரைப் பாலுக்குப் பதிலாக இவற்றைத் தரலாம் என்னும் பொருளில் பெயர்த்தார். ஆனால் பாலும் அப்பட்டியலிலேயே ஒன்றாக எண்ணப்படுகிறது. பாலுக்குப் பதிலாகப் பாலையே தருவது பொருந்தாது. எனவே தீவனம் உண்டபின் தரப்படும் வலுவூட்டும் பானம் என்று கொள்வதே தொடரமைப்புக்கு இசைவானது. ஒரே முன்னொட்டின் இரு பொருள்களுக்கு இடையில் 'உடன்' தரப்படுவது 'பதில்' தரப்படுவதாக மாறிவிடுவதை இங்குக் காண்கிறோம். எருதுக்கு இது சிறு பிழை. கன்றைப் பொறுத்தவரை இதே குழப்பம் உயிர்ப்பிழையாகும் என்பது பின்னர் விளக்கப்படும்.

4. சாலோத்திரியும் வாகடமும்

எழுத்து மரபு யானைக்கும் குதிரைக்கும் தந்த இடத்தை மாட்டுக்குத் தரவில்லை. யானை மருத்துவத்துக்குப் பாலகாப்பியர் பெயரிலும் குதிரை மருத்துவத்துக்குச் சாலிஹோத்திரர் பெயரிலும் பெருநூல்கள் உள்ளன. அக்கினி புராணத்தில் பசு மருத்துவத்துக்கென ஓர் இயல் உண்டெனினும் அது சுருக்கமானது. போருக்கு உரிய விலங்கு அரசவையின் எழுத்தில் ஏறியது. பாலுக்கு உரிய விலங்கின் மருத்துவம் ஆயர் குடிகளின் வாய்மொழியில் தங்கியது.

சாலிஹோத்திர மரபு பாரசீகத்திலும் பெயர்க்கப்பட்டது. சாசகான் காலத்துப் பாரசீகப் பெயர்ப்பு ஒன்றின் ஆங்கில வடிவத்தை யோசப் எர்லசு 1788இல் கல்கத்தாவில் வெளியிட்டார். நூலாசிரியரின் பெயரே தொழிற்பெயராகத் திரிந்து, இந்துசுதானியில் விலங்கு மருத்துவர் 'சாலோத்ரி' எனப்பட்டார். ஆங்கிலேயர் படைகளிலும் இச்சொல் வழங்கியது. தமிழிலும் இதற்கு இணையான ஒரு மாற்றம் உண்டு. வாக்பட்டர் என்னும் மருத்துவ ஆசிரியரின் பெயரே 'வாகடம்' எனத் திரிந்து மருத்துவ நூலுக்குப் பொதுப்பெயராயிற்று என்பர். மாட்டு மருத்துவ நூல்கள் 'மாட்டு வாகடம்' என வழங்குவது இதன் தொடர்ச்சியே. தனிமனிதர் பெயர் ஒரு மொழியில் தொழிலையும் மற்றொன்றில் நூலையும் குறித்தமை ஒப்பு நோக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தி 'பசுசிகித்சா' என்னும் தொகையை மீண்டும் கைக்கொண்டது. அசோகரின் கல்வெட்டிலுள்ள தொகையே ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் துறைப்பெயராகத் திரும்பியது. ஆனால் சொல் திரும்பிய அளவுக்குப் பொருள் திரும்பவில்லை. பழைய தொகை மூலிகையையும் உள்ளடக்கியது. புதிய தொகை கல்லூரியில் பயிலும் மேனாட்டு முறை மருத்துவத்தையே முதன்மையாகக் குறிக்கிறது. மூலிகை அதிலிருந்து விலகி 'தேசி தவா' (நாட்டு மருந்து) என்னும் வேறு பெயருக்குள் சென்றது.

5. பெயர் ஒன்று, விதை வேறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய மூலிகைப் பெயர்களின் பெருந்தொகுப்புக் காலம். ஐன்சிலியின் மருந்துப்பொருள் நூல்கள் (1813, 1826), மொகிதீன் செரீபு 1869இல் சென்னையில் வெளியிட்ட இந்திய மருந்து நூலின் பிற்சேர்க்கை, சார்சு வாட் தொகுத்த பொருளாதாரப் பயன்பொருள் அகராதி (1889-1893) ஆகியன இதன் எல்லைக் கற்கள். இவை லத்தீன் பெயரை நடுவில் நிறுத்தி, இந்திய மொழிப் பெயர்களை அதைச் சுற்றி வரிசைப்படுத்தின. இம்முறையால் அறிவியலுக்குப் பெரும்பயன் விளைந்தது. எனினும் ஒரு மொழியின் பெயரிலிருந்து மற்றொரு மொழியின் பெயருக்கு நேரே தாவலாம் என்னும் மயக்கத்துக்கும் இப்பட்டியல்கள் இடந்தந்தன. கன்றுக்குரிய மூலிகைகளில் மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

5.1 காலீ சீரீ

கன்றின் குடற்புழுவை நீக்க வடஇந்தியாவில் பயன்படும் விதைகளுள் ஒன்று 'காலீ சீரீ'. இதன் தாவரப் பெயர் வெர்னோனியா ஆந்தெல்மின்டிகா. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஆந்தெல்மின்டிகா' என்பதற்குப் புழுவை எதிர்ப்பது என்று பொருள். இந்தியில் 'காலா சீரா' என்பது மசாலைக்குரிய வேறொரு சீரகம். வங்காளியின் 'காலோ சீரே' இந்தியில் 'கலௌஞ்சி' எனப்படும் நைசெல்லா. தமிழில் 'கருஞ்சீரகம்' என்பதும் அந்த நைசெல்லாவே.

இந்தியில் 'காலா சீரா', 'காலீ சீரீ' இரண்டையும் பிரித்துக்காட்டுவது இலக்கணப் பாலே. முன்னது ஆண்பால் ஈறும் பின்னது பெண்பால் ஈறும் பெற்றவை. பொருட்பெயர்க்கு இவ்வகை இலக்கணப் பால் இல்லாத தமிழில் இரண்டும் 'கரிய சீரகம்' என்றே பெயர்க்கப்படும். அதனால் ஒரு விதையின் குறிப்பு மற்றொரு விதையைச் சென்றடையும். காலீ சீரீக்கு உரிய தமிழ்ப்பெயர் 'காட்டுச்சீரகம்'. வடமொழியின் 'அரண்ய சீரக' என்பதற்கு இது நேரானது. பொருள் பெயர்த்தால் பிழையும், பெயர் தேடினால் சரியும் கிடைக்கும் இடம் இது.

5.2 குரோசாணி ஓமம்

ஓமம் கன்றின் வயிற்று உப்புசத்துக்கு எங்கும் தரப்படுவது. இந்தியில் அது 'அசவாயின்'. 'குராசானீ அசவாயின்' எனப்படுவது முற்றிலும் வேறான ஒரு செடி. தமிழில் அது 'குரோசாணி ஓமம்' எனப்படும். ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த அது நரம்பைத் தாக்கும் நச்சுப்பொருள்களை உடையது. குராசான் என்பது பாரசீக நிலப்பகுதியின் பெயர். அடைமொழி இங்கு விளக்கமாக வரவில்லை. பெயரின் உறுப்பாகவே நிற்கிறது. 'இடப்பெயர் அடைதானே' என அதை விட்டுவிடும் பெயர்ப்பாளர் நச்சுவிதையை ஓமமாக்குகிறார். மாறாகத் தரமான ஓமம் என்று கருதி அவ்வடையைச் சேர்ப்பவர் ஓமத்தை நச்சாக்குகிறார்.

5.3 முருக்கு

பலாச விதை புழுநீக்கியாக வடமொழி நூல்களிலும் நாட்டு வழக்கிலும் புகழ்பெற்றது. தமிழில் பலாசம் 'புரசு' எனவும் 'முருக்கு' எனவும் வழங்கும். முருக்கு என்னும் அதே பெயர் செம்பூப் பூக்கும் கலியாண முருக்குக்கும் உரியது. பின்னதன் விதையில் தசைகளைச் செயலறச் செய்யும் நச்சுப்பொருள்கள் உள்ளன. சிவந்த பூவும் மூவிலை அமைப்பும் கொண்டு மக்கள் இரண்டையும் ஒரு பெயரால் அழைத்தனர். மரத்தைக் கண்டறிந்தவனுக்கு அதில் மயக்கமில்லை. அச்சிட்ட சொல்லை மட்டும் காண்பவனுக்கே மயக்கம் வருகிறது. ஆகவே 'பலாச விதை' என்பதைப் 'புரசு விதை' என எழுதுவதே காப்பானது.

6. எண்ணுப் பெயரிலிருந்து சட்டப் பெயருக்கு

நாட்டு வழக்கு மூலிகைக் கலவையை எண்ணால் பெயரிட்டது. திரிகடுகம், திரிபலை ஆகியவற்றைப் போல வடஇந்தியாவில் 'பத்தீசா' என்னும் பெயர் உண்டு. முப்பத்திரண்டு பொருள்கள் சேர்ந்தது என்பது அதன் பொருள். மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குத் தரும் கலவைக்கும், ஈன்ற மாட்டுக்கும் பிற கால்நடைக்கும் தரும் பொடிக்கும் இதே பெயர் வழங்குகிறது. குசராத்தியில் இது 'பத்ரீசு'. மனிதத் தாயையும் விலங்குத் தாயையும் ஒரே சொல் இணைப்பது, பெறுவோரைக் கொண்டு பிரித்த அசோகர் காலப் பாகுபாட்டுக்கு மாறானது. இதன் அடிப்படை பெறுவோரோ பொருளின் தன்மையோ அன்று, கலவையின் தொகையே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலை மாறியது. கூட்டுறவுப் பால் உற்பத்தி வளர்ந்தபோது தீவனமும் ஆலைப் பொருளாயிற்று. குசராத்தில் கைரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் 1946இல் அமைந்தது. அதன் கஞ்சரித் தீவன ஆலையை 1964இல் தலைமையமைச்சர் லால் பகதூர் சாத்திரி திறந்து வைத்தார். மறு ஆண்டு தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் நிறுவப்பட்டது. அங்கு ஆலைத் தீவனத்துக்கு வழங்கும் 'தாண்' என்னும் குசராத்திச் சொல்லும் இந்தியின் 'தானா' என்பதும் முன்பு தானியத்தைச் சுட்டியவை. இன்று அவை மூட்டையில் வரும் கலவையையே முதலில் நினைவூட்டும். தமிழில் அதற்கு 'அடர்தீவனம்' என்னும் ஆக்கச்சொல் அமைந்து நிலைபெற்றுவிட்டது.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிறிதளவு தீவனத்தில் கலந்தால் விலங்கின் வளர்ச்சி மிகும் என்பதை அமெரிக்காவில் சுடாக்சுடாடும் சூக்சும் 1950இல் வெளியிட்டனர். மருந்து தீவனமாயிற்று. நோய்க்கிருமிகள் அம்மருந்துகளை எதிர்த்து நிலைக்கும் ஆற்றல் பெறுவது தெரிந்தபின் சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 சனவரி முதலும் வளர்ச்சிக்காக அவற்றைக் கலப்பதைத் தடைசெய்தன. இந்தியா 2019இல் கொலிசுடின் என்னும் மருந்தை உணவுக்குரிய விலங்குகளுக்குத் தருவதைத் தடைசெய்தது. வெற்றிடமான அவ்விடத்துக்கு மூலிகைகள் மீண்டும் வந்தன. ஆனால் பழைய பெயரோடு வரவில்லை. சட்டமும் வணிகமும் வகுத்த பெயரோடு வந்தன.

அச்சட்டப் பெயர்கள் இரண்டு. தீவனத்தில் இல்லாத சத்தை நிரப்புவது ஒன்று. சத்தாக அமையாமல் சிறிதளவில் ஒரு விளைவை உண்டாக்குவது மற்றொன்று. இந்தியில் முன்னதற்குப் 'பூரக்' என்னும் சொல் நிலைத்துள்ளது. நிரப்புவது என்பது அதன் பொருள். தமிழில் 'துணைத் தீவனம்', 'ஊட்டச்சத்து', 'சேர்க்கை' ஆகிய மூன்றும் வரையறையின்றி இரண்டுக்கும் வழங்குகின்றன. சுக்கும் ஓமமும் கலந்த பொடி பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதனை 'மூலிகை ஊட்டச்சத்து' என எழுதும்போது, அதுவே கன்றை ஊட்டி வளர்க்கும் என்னும் எண்ணம் எழுகிறது.

7. சீம்பாலும் பதிற்பொருளும்

இவ்வெண்ணத்தின் இடர் என்ன என்பதை அறியச் சீம்பாலின் பெயர்களைக் காண்பது தேவை. வேத மொழியில் சீம்பாலைக் குறித்த 'பீயூஷ' என்னும் சொல் பின்னர்த் தேவரமுதைக் குறித்தது. அதன் திரிபான 'பேவசீ' இந்தியில் இன்னும் உண்டு. பொது வழக்கில் 'கீசு' என்பதே மிகுதி. பஞ்சாபியில் 'பௌலி', தெலுங்கில் 'சுன்னு', கன்னடத்தில் 'கிண்ணு', மராத்தியில் 'சீக்' என அது வழங்கும். மராத்தியில் அதனைச் சமைத்த பண்டம் 'கர்வசு', தமிழில் 'கடும்பு'. தெலுங்கில் அப்பண்டத்துக்கும் 'சுன்னு' என்பதே பெயர். பாலைச் சுட்ட 'சுன்னுப் பாலு' என விரித்துச் சொல்லவேண்டும். இச்சொற்களில் பல சமையலறையின் சுவையோடு பிணைந்தவை. கன்றின் முதல் உணவு என்னும் பொருள் அவற்றில் பின்னணியில் நிற்கிறது.

உடலியல் கூறுவது வேறு. மாட்டின் நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. கன்று அவற்றைச் சீம்பாலிலிருந்தே பெறுகிறது. அவற்றை முழுமையாக உறிஞ்சும் ஆற்றல் அதன் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே மிகுதி; ஏறத்தாழ ஒரு நாளில் அது முடிந்துவிடும். அந்நேரத்தில் எந்த மூலிகையும் சீம்பாலின் இடத்தை நிரப்பாது. மேலும் பிறந்த கன்றின் வயிற்றில் அசைபோடுதற்குரிய முதலறை வளர்ந்திருப்பதில்லை. பால் ஒரு பள்ளத்தின் வழியே அவ்வறையைத் தவிர்த்து நான்காம் அறையை நேரே அடைகிறது. உலர்தீவனம் உண்ணத் தொடங்கியபின்னரே முதலறையும் அதன் நுண்ணுயிர்களும் வளர்கின்றன. மூலிகைப் பொடியின் செரிமானப் பயன் பற்றிய பேச்சுக்கு இடமுண்டாவது பெரும்பாலும் அதன் பின்னரே.

ஆகவே மூலிகைப் பொடி பாலின் உடன் தரப்படுவதா, பாலின் பதிலாகத் தரப்படுவதா என்பதை உறையின் மீதுள்ள சொல் தெளிவாகச் சொல்லவேண்டும். பாலுக்கு உண்மையிலேயே பதிலாக வரும் ஆலைப்பொருள் வேறு உண்டு. அது தமிழில் 'பால் மாற்று' எனப்படுகிறது. 'மாற்று' என்பதும் 'துணை' என்பதும் ஒன்றன் இடத்தில் ஒன்று வருமாயின், பிரதிபானத்தில் நேர்ந்த மயக்கம் இன்று கன்றின் பங்கிலேயே நேரும். பாலை விற்றுப் பொடியைப் புகட்டும் பழக்கத்துக்குச் சொல்லே துணைபோய்விடும்.

8. அளவும் வாய்மொழியும்

அளவுச் சொற்களைப் பற்றியும் சுருங்கக் கூறவேண்டும். பலம் நூலுக்கு நூல் வேறுபடும். ஆங்கிலேயர் காலத் தோலா 11.66 கிராம், இன்றைய ஆயுர்வேத மருந்து நூல் அதனை 12 கிராமாகக் கொள்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பத்தின் மடங்கு அளவைகளைக் கொணர்ந்தபின்னும் நாட்டு மருந்துக் குறிப்புகள் 'முட்டீ', 'கைப்பிடி' என்றே பேசுகின்றன. பெரிய மாட்டுக்கு இந்த நெகிழ்ச்சி பொறுக்கும். எடை குறைந்த கன்றுக்கு அளவின் பிழை பன்மடங்காகும். எனவே கைப்பிடி என்பதைப் பெயர்க்கும்போது அது பெரிய மாட்டுக்குரியதா, கன்றுக்குரியதா என்பதைச் சேர்த்தே எழுதவேண்டும்.

கால்நடை மருத்துவத்தின் மக்கள் மரபைக் குறிக்கும் ஆங்கிலத் துறைப்பெயரை மெக்கார்க்கிள் 1986இல் அறிமுகப்படுத்தினார். தமிழில் அது 'மரபுவழிக் கால்நடை மருத்துவம்' என வழங்குகிறது. தேசியப் பால்வள வாரியம் இம்மரபு சார்ந்த மருந்துக் குறிப்புகளைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கையேடாகத் தந்துள்ளது. மிளகு, சீரகம், கடுகு, மஞ்சள், வேப்பிலை, பாகற்காய், வாழைத்தண்டு, தும்பை, வெல்லம் என அவற்றில் வரும் பொருள்கள் பெரும்பாலும் எந்த மொழியிலும் மயக்கம் தராதவை. சமையலறையும் வேலியோரமும் தந்த பெயர்கள் பெயர்ப்பில் எளிதில் நிலைக்கின்றன. வணிகரும் நூலாரும் தந்த பெயர்களே சிதைகின்றன.

2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் பழம் மருத்துவ நூல்களின் குறிப்புகளை ஐந்து அயல்மொழிகளில் பெயர்த்து, அம்மரபறிவின் மீது தவறாகக் காப்புரிமை வழங்கப்படாமல் தடுக்க உதவிவருகிறது. அது எழுத்து நூல்களை அடிப்படையாகக் கொண்டது. கன்று மருத்துவமோ பெரிதும் எழுதப்படாதது. ஆயரின் சொல்லைச் சரியாகப் பதிவு செய்வது மொழியியலாளர் செய்யத்தக்க பணி என்பது இதனால் உறுதிப்படும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கன்றுக்குரிய மூலிகைச் சொற்களை இந்திய மரபு ஒரு காலத்தில் பெறும் உயிரைக் கொண்டும், மற்றொரு வழக்கில் பொருள்களின் எண்ணைக் கொண்டும், இன்று சட்டத்தின் வகையைக் கொண்டும் அமைத்துள்ளது. ஓர் அடிப்படையில் பிறந்த சொல்லை வேறோர் அடிப்படையில் பிறந்த சொல்லால் நேரே பெயர்க்கும்போது உயிர், விதை, அளவு ஆகிய மூன்றில் ஒன்று தவறிவிடுகிறது. இலக்கணப் பாலும் இடப்பெயர் அடையும் கூட இத்துறையில் பொருளின் பகுதியே.

கலைச்சொல் அமைப்போர் சத்தை நிரப்புவதற்கு 'நிரப்புத் தீவனம்' என்றும், விளைவுக்காகச் சிறிதளவில் சேர்ப்பதற்குத் 'தீவனச் சேர்க்கை' என்றும், பாலுக்குப் பதிலாக வருவதற்கு மட்டும் 'மாற்று' என்றும் வரையறுத்துக்கொள்வது நலம். மூலிகைப் பொடி இரண்டாம் வகையினது என்பதை அதன் பெயரே காட்டவேண்டும். அர்த்தசாத்திரம் ஊதியத்தைப் பணமாக்கிக் கன்றின் பாலைக் காத்தது. அதே பங்கை இன்று உறையிலும் கையேட்டிலும் உள்ள சொல் காக்கவேண்டியுள்ளது.